பயிரன் கூட்டத்துப் பெண்

கலிஃபோர்னியாவில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "நீங்கள் மெக்சிகோக்காரர்களா?" என்றுதான் முதலில் கேட்பார்களாம். "இல்லை, நாங்கள் ஸ்பானிஷ்" என்று சொல்லிவிட்டால் சாவி கைக்கு வந்துவிடும். ஸ்பெயின் ஐரோப்பாவில் இருக்கிறது, ஐரோப்பாக்காரன் வெள்ளைக்காரன், வெள்ளைக்காரனுக்கு வீடு உண்டு. அவ்வளவுதான் கணக்கு. இப்படிச் சொல்லி வீடு பிடித்தவர்களைப் பற்றி அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பின்னால் கதையாகவும் கவிதையாகவும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஒருகாலத்தில் தங்களைத் திட்டுவதற்குப் பயன்பட்ட 'சிக்கானோ' என்ற சொல்லையே எடுத்துத் தங்கள் பெயராகவும் வைத்துக்கொண்டார்கள். அந்த எழுத்தைத்தான் நான் எம்.ஃபில். பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கோயமுத்தூரில், 1996இல்.

கோயமுத்தூரில் யாரும் அப்படி முகத்தில் அடித்தாற்போல் கேட்பதில்லை. இங்கே எல்லாம் மரியாதைதான். உட்காரச் சொல்வார்கள், ஊர் எது என்று விசாரிப்பார்கள். தண்ணீர் கொண்டுவரப் போகிறவர் பாதி வழியில் நின்று, "ஏனுங்க அம்மணி, நீங்க என்ன ஆளுங்க?" என்பார். உண்மையைச் சொன்னால் தண்ணீர் வராது. "பையன்கிட்டக் கேட்டுப்போட்டு சொல்லி அனுப்பறமுங்க" என்று ஒரு 'ங்க' கூடுதலாகப் போட்டு வழியனுப்புவார்கள். ரத்தினபுரியிலும் கணபதியிலும் வடவள்ளியிலும் எனக்கு இப்படி நிறைய மரியாதை கிடைத்தது. யாரும் சொல்லி அனுப்பவில்லை.

கல்லூரி விடுதியில் ஆராய்ச்சி மாணவிகளுக்கு இடம் கிடையாது. கிணத்துக்கடவுக்குத் தெற்கே எங்கள் ஊரிலிருந்து தினமும் வந்து போவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். வீட்டில் உட்கார்ந்து படிக்க மின்விளக்கு கிடையாது. என் அப்பா நஞ்சப்பனும் அம்மா ராசம்மாளும் கதிர்வேல் கவுண்டர் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். தென்னந்தோப்புக்குள் அவர் கொடுத்த ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். தேங்காய் பறித்துப் போடுவதும் மட்டை உரிப்பதும் அப்பாவின் வேலை. நான் அந்தத் தோப்பில் பிறந்தவள். மாதா கோயிலில் எனக்கு மெர்சி என்று பெயர். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், என்றால் அரசாங்கச் சலுகை இல்லாமல் போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாச்சியம்மாள் என்று எழுதிக்கொண்டார். இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தேன்.

செல்லாத்தாள் வீட்டுக்கு நான் போனது ஒரு மத்தியான வெயிலில். கணபதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே மாடியில் ஒற்றை அறை கொண்ட வீடு. செல்லாத்தாள் தாராபுரத்துப் பக்கம். கணவர் இறந்த பிறகு மகன் தனபாலோடு இங்கேயே இருந்தார். தனபால் மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை வைத்திருந்தான். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேரென்ன கண்ணு?"

"நாச்சியம்மாளுங்க."

"என்ன ஆளுங்க?"

கால் வலித்தது. பசி வேறு. பத்து வீட்டில் உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. "கவுண்டருங்க" என்றேன்.

ஆழம் தெரியாமல் காலை விட்டது அங்கேதான். அடுத்த கேள்வி ஒன்று உண்டு என்பதை மறந்துவிட்டேன். கவுண்டர்களுக்குள் கூட்டம் கூட்டமாகக் குலப்பிரிவு இருக்கிறது. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை, அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. அதனால் இரண்டு கவுண்டர்கள் சந்தித்தால் மழை பெய்ததா என்று கேட்பதற்கு முன்னால் கூட்டத்தைக் கேட்டுக்கொள்வார்கள்.

"என்ன கூட்டம் கண்ணு?"

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கதிர்வேல் கவுண்டர் கூட்டம். "பயிரன் கூட்டமுங்க."

செல்லாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அட சாமீ! நாங்களும் பயிரனுங்க. பங்காளி புள்ளைய வாசல்ல நிக்க வெச்சுப் பேசிக்கிட்டிருக்கறன் பாரு. உள்ள வா கண்ணு. தனபாலு, உனக்குத் தங்கச்சி வந்திருக்குதுடா!"

மாடியறை கேட்டு வந்தவளுக்கு வீடே கிடைத்தது. அன்று மத்தியானம் அடுக்களையில் உட்கார வைத்து அரிசியும்பருப்புச் சோறு போட்டார். நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட வேண்டும் என்று அவரே சொல்லிக் கொடுத்தார். நெய் விட்ட சோற்றை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். பொய் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் படவில்லை. கேள்வியில் நியாயம் இருந்தால்தான் பதிலில் நியாயம் தேடலாம்.

ஒரு வருஷம் அப்படிப் போயிற்று. தாயில்லாப் பிள்ளையைப் போல் என்னைப் பார்த்துக்கொண்டார். காய்ச்சல் வந்தபோது நெற்றியில் பற்றுப் போட்டுப் பக்கத்திலேயே படுத்திருந்தார். சாமி அறையில் விளக்கேற்றுவது என் வேலையாயிற்று. அவர் மாமியார் திவசத்துக்கு நான்தான் சோறாக்கினேன். ஒருநாள், நான் ஜெராக்ஸ் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இத்தன படிக்கிறயே, இதெல்லாம் யாரப் பத்திக் கண்ணு?"

"அமெரிக்காவுல தோட்டங்கள்ல திராட்சை பறிக்கறவங்க, தக்காளி பறிக்கறவங்க. அவங்க பசங்க படிச்சு எழுதின கதைங்க பெரியம்மா."

"அமெரிக்காவுலயும் கூலிக்காரங்க இருக்கறாங்களா?" நம்பாமல் ஒரு காகிதத்தை எடுத்துப் புரட்டினார். "அவிய என்ன ஆளுங்களாம்?"

சிரித்துவிட்டேன். இந்த ஒரு கேள்விக்குத்தான் என் ஆராய்ச்சியில் நாலு அத்தியாயம் எழுதியிருந்தேன். மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் என்றேன். அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டார். "பாவம். ஆனா ஊட்டுக்குள்ள சேத்துவாங்களா அங்க?" என்று கேட்டார். சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். "அங்கயும் அப்படித்தானா" என்று எழுந்து போய் எனக்குக் காபி கலந்து கொண்டுவந்தார்.

தை மாதம் தனபாலுக்குக் கல்யாணம் முடிவாயிற்று. பெண் காரமடைப் பக்கம். பெண் வீட்டார் வந்த அன்று நான்தான் காபி கொடுத்தேன். அவர்கள் போனதும் செல்லாத்தாள் என்னை உட்கார வைத்து முகத்தை வழித்து நெட்டி முறித்தார்.

"இணைச்சீரு நீதான் செய்யோணும் கண்ணு. பொண்ணூட்டுக்காரங்ககிட்டச் சொல்லிப்போட்டேன்."

கவுண்டர் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ செய்கிற சடங்கு அது. கூறைச் சேலையின் ஒரு தலைப்பு மாப்பிள்ளை கையில் இருக்கும், இன்னொரு தலைப்பு அவள் கையில். கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் செய்யலாம். தனபாலுக்குக் கூடப்பிறந்தவள் இல்லை.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க பெரியம்மா."

"சீரு நடத்தற அருமைக்காரரு சொல்லித் தருவாரு. திங்கக்கெழமை உங்க ஊருக்கு நானே வாரேன். உங்கய்யன் ஆத்தாளுக்குப் பாக்கு வெச்சு அழைக்கோணும். அப்படியே அங்க இருக்கற பங்காளிகளையும் பாத்துப்போட்டு வரலாம்."

எங்கள் ஊரில் பயிரன் கூட்டத்து வீடு ஒன்றுதான். செல்லாத்தாள் குங்குமச் சிமிழோடு கதிர்வேல் கவுண்டர் வாசலில் போய் நின்று, "நம்ம நாச்சியம்மா ஊடு எதுங்க?" என்று கேட்டால் தோப்புக்குள் கையைக் காட்டுவார்கள். பண்ணையாள் மகள் கவுண்டர் குலத்தைச் சொல்லி ஊரை ஏமாற்றினாள் என்று தெரிந்த பிறகு என் அப்பாவையும் அம்மாவையும் என்ன செய்வார்கள் என்பதை நினைக்கவே முடியவில்லை. அந்தம்மா ஊருக்குப் போகக் கூடாது. எப்படியாவது நிறுத்தியாக வேண்டும்.

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லீங்க. படுத்திருக்காரு" என்றேன்.

"அய்யோ, அப்பப் போயே தீரோணுமே! எளநியும் ஆரஞ்சும் வாங்கீட்டுப் போலாம்."

"வேண்டாமுங்க. அம்மாவும் அவரும் மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க."

"படுத்திருக்கறவர எதுக்கு அத்தன தொலவு கூட்டீட்டுப் போறாங்க? இங்க இல்லாத ஆஸ்பத்திரியா? நம்ம ஊட்டுக்கு வரச் சொல்லு கண்ணு. தனபாலு வண்டி வெச்சுக் கூட்டியாருவான்."

ஒவ்வொரு பொய்க்கும் அந்தம்மாவின் அன்பு ஒரு படி மேலே ஏறியது. என்னைத் திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு ஓடினேன். அப்பா மட்டை உரித்துக்கொண்டிருந்தார். அம்மா கோயிலிலிருந்து வந்து வெள்ளைச் சேலையை மாற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அப்பா கடப்பாரையிலிருந்து கையை எடுக்கவில்லை. அம்மா வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"கவுண்டருன்னா சொன்னே? அதும் இவிய கூட்டத்தச் சொல்லிப்போட்டியா? ஒனக்கு வேற பொய்யே கெடைக்கலியாடி?"

"வேற கூட்டம் எதும் எனக்குத் தெரியாதும்மா."

"கவுண்டரு நல்ல மனுசன்" என்றார் அப்பா மெதுவாக. "ஒரு கெட்ட வார்த்த பேசுனதில்ல. ஆனா இதத் தாங்கமாட்டாரு."

"அவரு தாங்குனாலும் அவரு பசங்க தாங்குவாங்களா? போன வருசம் டீக்கடையில பெஞ்சுல உக்காந்ததுக்கே பிரான்சிச என்ன பண்ணுனாங்க!" பிரான்சிஸ் அவள் தம்பி. அவருக்கு இன்னும் இடது கை தூக்க வராது.

"இங்கிருந்து போயிரலாம்பா" என்றேன். "எங்கயாச்சும்."

"எங்க?" என்றார் அப்பா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அப்படி ஓர் இடம் எனக்குத் தெரியுமோ என்று கேட்கிற மாதிரி இருந்தது. நான் படித்தவள் அல்லவா. கலிஃபோர்னியாவில் திராட்சைத் தோட்டத்தை விட்டு எந்தப் பருவத்தில் எந்த ஊருக்குப் போவார்கள் என்று என்னால் சொல்ல முடியும். கிணத்துக்கடவிலிருந்து என் அப்பா எங்கே போவார் என்று தெரியவில்லை.

அவரே முடிவாகச் சொன்னார். "அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லிப்போடு கண்ணு. அடிச்சா வாங்கிக்க. இங்க மட்டும் வர வேண்டாம்னு சொல்லு. கால்ல விழுந்தாச்சும் சொல்லு."

திங்கட்கிழமை காலை செல்லாத்தாள் தலைக்குக் குளித்து, மஞ்சள் தடவிய பத்திரிகைகளைத் தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். தனபால் பட்டறைக்குப் போயிருந்தான். நான் கதவைச் சாத்திவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. அழுகையோடே சொன்னேன். நாச்சியம்மாள் இல்லை, மெர்சி. தோட்டத்துக்காரர் மகள் இல்லை, தோட்டத்தில் வேலை செய்கிறவர் மகள். அப்பா பெயர் நஞ்சப்பன்.

அவர் முதலில் கேட்டது, "வேதமா?"

"ஆமாங்க."

"அதுக்கு முன்னால?"

சொன்னேன்.

செல்லாத்தாள் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். அடுக்களைப் பக்கம் பார்த்தார், சாமி அறையைப் பார்த்தார், பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எம்பட மாமியா திவசத்துக்கு நீதானே சோறாக்குனே" என்றார் கடைசியில்.

"நான் இப்பவே போயிடறனுங்க. ஊருக்கு மட்டும் போயிராதீங்க. எங்கப்பா அம்மாவ உசுரோட உடமாட்டாங்க."

"எங்க போவே? போறவ ஒரு வருசத்துக்கு முன்னாலயே போயிருக்கோணும்!" குரலை உயர்த்திவிட்டு, பயந்து ஜன்னலைப் பார்த்தார். "பொண்ணூட்டுக்காரங்க உன் கையில காபி வாங்கிக் குடிச்சுட்டுப் போயிருக்கறாங்க. தெரிஞ்சா பாக்கு மாத்துனதத் திருப்பி அனுப்பிருவாங்க. பங்காளிக எங்கள ஒதுக்கி வெச்சிருவாங்க. எம்பட பையனுக்கு அப்புறம் எவன் பொண்ணு குடுப்பான்? இத்தன பேருகிட்டச் சொன்னதுக்கப்புறம் இணைச்சீருக்காரி எங்கேன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ பயிரன் கூட்டத்துப் புள்ளதான். நான் சொல்றேன். சீரு முடியற மட்டும். அன்னிக்குப் பொழுதுக்கு ரூமக் காலி பண்ணிப்போடோணும். ஒனக்காக இல்ல, எம்பட பையனுக்காக."

வீடு கேட்டு வந்தவள் ஸ்பானிஷ் என்று பொய் சொன்ன கதைகள் எத்தனையோ படித்திருக்கிறேன். வீட்டுக்காரியே அவளை ஸ்பானிஷ் என்று ஊருக்குச் சொல்ல வேண்டி வந்த கதை ஒன்றுகூட என் ஜெராக்ஸ் கட்டில் இல்லை. ஊருக்குப் போகமாட்டார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. எழுந்து நின்றேன். அப்போதுதான் அவர் வாயில் கை வைத்தார்.

"அய்யோ, உங்க ஊரு கதிர்வேல் கவுண்டருக்குப் போன வாரமே தபால்ல பத்திரிக்க போட்டுட்டனே! பங்காளின்னு வெலாசம் வாங்கி."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே காரியத்துக்குப் பயந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

அதன் பிறகு அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிடவில்லை. தனபால் இருக்கும்போது மட்டும் "அம்மணி" என்பார். சாப்பாட்டைத் தட்டில் போட்டு மாடிப்படியில் வைத்துவிடுவார். தட்டைத் திரும்பக் கேட்கவில்லை, நானே கழுவி வைத்துக்கொண்டேன். "தங்கச்சிக்கு என்னாச்சு, கீழ வர்றதே இல்ல?" என்று தனபால் கேட்டால், "பரிச்ச வருதல்லோ" என்பார்.

பரீட்சை உண்மையிலேயே வந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு அடுத்த வாரம் எனக்கு வாய்மொழித் தேர்வு. சென்னையிலிருந்து பேராசிரியர் வருகிறார். அதைத் தள்ளி வைக்கச் சொல்லி என் வழிகாட்டி தாஜுன்னிசா மேடத்திடம் போனேன். சிக்கானோ எழுத்து என்று ஒன்று இருப்பதையே எங்கள் கல்லூரிக்குச் சொன்னவர் அவர்தான். ஒரு கோடைக்காலம் அமெரிக்காவில் படித்துவிட்டு, துணிமணிகளுக்குப் பதிலாகப் பெட்டி நிறைய ஜெராக்ஸோடு வந்து இறங்கினவர். தள்ளி வைக்க முடியாது என்றார். ஏன் என்று அவர் கேட்டபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "மூணாவது அத்தியாயத்துல இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சுட்டே இருந்தேன். இதை எழுதும்மா. முன்னுரையில எழுது."

"உங்களுக்கு இது முன்னுரை மேடம். எனக்கு இது எங்கப்பா உயிரு" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கு இந்த ஊர்ல வீடு கிடைக்க எத்தனை நாள் ஆச்சு தெரியுமா? பொய் சொல்லலாம்னு நானும் நினைச்சிருக்கேன். எம்பேரைக் கேட்டதுமே கதவைச் சாத்திடுவாங்க, பொய் சொல்ல நேரமே கிடைக்காது." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "கல்யாணம் முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடு. தேர்வை மட்டும் விட்டுடாதே."

போவதற்கு ஓர் இடம் கிடைத்தது. ஆனால் கதிர்வேல் கவுண்டர் கல்யாணத்துக்கு வந்து மேடையில் என்னைப் பார்த்துவிட்டால், இடம் இருந்து என்ன செய்ய? ஊருக்குப் போய் நடந்ததையெல்லாம் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். மாதாவிடம் வேண்டினேன். செல்லாத்தாளின் குலதெய்வத்திடமும் வேண்டினேன். யாராவது ஒருவர் அவரை வராமல் தடுத்தால் போதும்.

கல்யாணம் சத்தி ரோட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தனபால் எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லிகையோடு மணவறைப் பக்கத்தில் நின்றேன். வந்தவர்கள் எல்லாரும் விசாரித்தார்கள். "கெணத்துக்கடவுப் பயிரனுங்களா? யாரு மவ?" நான் வாயைத் திறப்பதற்குள் செல்லாத்தாள் எங்கிருந்தாவது வந்து, "எங்க பங்காளி ஊட்டுப் புள்ளைங்க, எம்.ஃபில். படிக்குது" என்று அவர்களைப் பந்திக்குத் தள்ளிக்கொண்டு போவார். அந்தம்மாவுக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் முழுவதும் வாசலில். வெள்ளை வேட்டியோடு உயரமாக யார் நுழைந்தாலும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

கதிர்வேல் கவுண்டர் வரவில்லை. சீருக்கு நேரமாகிவிட்டது என்று அருமைக்காரர் என்னை மணவறைக்குக் கூப்பிட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போது தனபாலின் தாய்மாமன் மயில்சாமி வாசலிலிருந்து சத்தமாகக் கூப்பிட்டார்.

"அம்மணி! உங்க ஊரு கதிர்வேல் கவுண்டரு ஒரு டெம்போ காயி அனுப்பியிருக்கறாரு பாரு. அவருக்கு வரத் தோதில்லையாம். உங்க ஊரு ஆளுதான், எங்க எறக்கறதுன்னு வந்து சொல்லிப்போடு."

தலையில் தேங்காய்ச் சாக்கோடு வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது என் அப்பா.

தோளில் கிடக்க வேண்டிய துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். பாரத்தில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. என்னைப் பார்த்தார். பட்டையும் பூவையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"காய எங்கீங்க அம்மணி எறக்கட்டும்?" என்றார்.

ஓடிப் போய் அந்தச் சாக்கைப் பிடித்து இறக்க வேண்டும் என்று கை பரபரத்தது. மண்டபம் முழுவதும் என்னைப் பார்ப்பது போலிருந்தது.

"உனக்குத் தெரிஞ்ச ஆளா அம்மணி?" என்று கேட்டார் மயில்சாமி.

"தெரியுமுங்க. எங்க தோட்டத்துக்கும் வர்ற ஆளு."

"பேரென்ன?"

"நஞ்சப்பன்."

எனக்குப் பின்னால் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற செல்லாத்தாளுக்கு அந்தப் பெயர் கேட்டிருக்க வேண்டும். கிண்ணம் தரையில் விழுந்து உருண்டது. யாரோ பெண்கள் குனிந்து எடுத்தார்கள். அவர் குனியவில்லை. என் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா காத்திருந்தார். நான் சொன்னால்தான் அவர் நகர முடியும். கவுண்டர் வீட்டுப் பெண்கள் எங்கள் தோப்பில் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன்.

"நஞ்சப்பா, பின்னால சமையக்கட்டுப் பக்கம் கொண்டு போய் எறக்கு."

"சரிங்க அம்மணி."

திரும்பிப் போனார். மண்டபத்தைச் சுற்றி ஒவ்வொரு சாக்காகத் தூக்கிக்கொண்டு போனார். நான் மணவறையில் ஏறி உட்கார்ந்தேன். கூறைச் சேலையின் தலைப்பை என் கையில் கொடுத்தார்கள், மறு தலைப்பைத் தனபால் பிடித்துக்கொண்டான். பக்கத்து ஜன்னல் வழியாகச் சாக்கும், அதற்குக் கீழே அப்பாவின் காலும் போவதும் வருவதுமாக இருந்தன. அருமைக்காரர் ராகம் போட்டு என்னென்னவோ சொன்னார். பிறகு தனபாலைக் கேட்டார்.

"உனக்குப் பொறக்கற பொண்ணத் தங்கச்சி மவனுக்குக் குடுப்பியாப்பா?"

"குடுக்கறனுங்க" என்றான் தனபால், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. அந்த ஒரு வருஷத்தில் அவன் ஒருநாளும் என்னை ஒருமாதிரி பார்த்ததில்லை. நல்லவன்.

"ஏத்துக்கறயா அம்மணி?"

"ஏத்துக்கறனுங்க."

செல்லாத்தாள் அழுதார். கல்யாணத்துத் தாய் அழுவது வழக்கம்தான் என்று யாரும் கேட்கவில்லை.

சீர் முடிந்து எல்லாரும் தாலி கட்டுவதைப் பார்க்க மணவறையைச் சுற்றி நெருக்கியபோது நான் நழுவினேன். சமையல்கட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி நிழலில் அப்பா குந்தியிருந்தார், காலிச் சாக்குகளை மடித்துக்கொண்டு. சமையல்காரர்கள்கூட கெட்டிமேளத்துக்கு முன்னால் போய்விட்டார்கள். அங்கே ஓர் ஈ காக்கைகூட இல்லை.

"அப்பா."

என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "என்னங்க அம்மணி?"

"அப்பா, யாருமே இல்லப்பா. நீயும் நானுந்தான்."

"தெரியுங்க." சாக்கின் முனைகளைச் சேர்த்துப் பிடித்தார். "நம்ம தோட்டத்துல வேல செய்யற மாரனத்தான் அனுப்பறதா இருந்தாங்க. அவன் கண்டா சடார்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டுருவான். அதான் கவுண்டருகிட்ட நானே கேட்டு வாங்கீட்டு வந்தனுங்க."

"என்னை மன்னிச்சிருப்பா. பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டேன். எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க, எனக்கு வேற வழி தெரியல."

"நல்லாத்தான் கூப்பிட்டீங்க. ஒரு எடத்துலயும் பெசகல." அவர் கிண்டல் செய்யவில்லை. பாராட்டினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பட்டுச் சேலையோடு அவர் காலடியில் உட்காரப் போனேன். அவர் பதறிப்போய் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்.

"ஒரே ஒரு தடவ மெர்சின்னு கூப்பிடுப்பா."

உள்ளே கெட்டிமேளம் முழங்கியது. அது ஓயும்வரை அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாமுங்க அம்மணி. காத்தாலிருந்து டெம்போவுல சொல்லிச் சொல்லித்தான் பழகீட்டு வந்தேன். இப்ப மாத்திச் சொன்னா அப்புறம் நாலு பேரு முன்னால நாக்குப் பெரண்டுபோயிரும். மத்தியானத்துக்கு எளநி லோடு ஒண்ணு இருக்குதுங்க. அதுக்கும் நாந்தான் வாரேன்."

சாக்குக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நான் உள்ளே போகும்வரை உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.